மக்கள் கலை விழாக்களுக்கு அரசு நிதியுதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவிலும் திடலிலும் பள்ளி மைதானத்திலும் மக்களே கூடி நடத்தும் கலை விழாக்களுக்கு அரசுப் பணம் கிடைக்க வழி இருக்கிறது. அந்த வழியில் இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு, திட்டத்துக்குத் திட்டம் மாறும். இங்கே இருப்பவை பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்துபவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைஞருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் விழா, பொதுப்பணம் கேட்கக் கூடாது. கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த எண்ணத்திலிருந்து வந்தவைதான்.

இந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்?

பணம் வரிப்பணம், சில நாடுகளில் அரசு லாட்டரி வருமானமும் சேரும். அதைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் அமைச்சகம் நேரடியாக அல்ல, அதற்கென அமைத்த ஒரு கலை மன்றம். பிரிட்டனில் 1946-இல் உருவான கலை மன்றம் இதற்கு ஒரு முன்மாதிரி. அதற்கு வடிவம் கொடுத்தவர் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ்; மன்றத்துக்கு அரச சாசனம் கிடைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார். பணம் அரசுடையது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு மன்றத்துடையது என்பதுதான் ஏற்பாடு. இந்தியாவில் சங்கீத நாடக அகாதெமி 1953-இல் தொடங்கிவைக்கப்பட்டது. கனடாவின் கலை மன்றம் 1957-இல் வந்தது. அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 1965-இல் வந்தது.

ஆனால் ஒரு பேட்டை விழாவோ ஒரு சிற்றூர் விழாவோ நடத்துபவர் தேசிய அமைப்பின் கதவை முதலில் தட்ட வேண்டியதில்லை. மேலே இருக்கும் பணம் கீழே இறங்கத்தான் செய்கிறது. அமெரிக்க நிதியம் தன் மானியத் தொகையில் 40 சதவீதத்தை மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குக் கொடுத்துவிடுகிறது. நியூசிலாந்தில் தேசியக் கலை அமைப்பு ஒரு தொகையை நகர, மாவட்ட மன்றங்களிடம் கொடுக்கிறது. அந்தந்த ஊர்க் குழுவே சிறு கலைத் திட்டங்களுக்கு அதைப் பகிர்கிறது. பிரேசிலில் பாடகர் ஜில்பெர்ட்டோ ஜில் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது, 2004-இல், ஏற்கெனவே அந்தந்த வட்டாரத்தில் இயங்கிவந்த கலைக் குழுக்களைத் தேடி அரசே நிதி கொடுக்கத் தொடங்கியது. ஆகவே முதலில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கலை என்ற தலைப்பில் எதுவும் இல்லை என்றால் சுற்றுலா, இளைஞர் நலன், முதியோர் நலன், பொதுச் சுகாதாரம் என்ற தலைப்புகளிலும் பாருங்கள். விழாவின் ஒரு பகுதிக்கு அங்கே பணம் இருக்கலாம்.

எங்கள் குழு பதிவு பெற்ற அமைப்பு அல்ல. விண்ணப்பிக்க முடியுமா?

சில சிறு திட்டங்கள் தனிநபருக்கும் பதிவில்லாத குழுவுக்கும் கொடுக்கின்றன. மற்றவற்றில் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு சங்கமோ அறக்கட்டளையோ உங்கள் சார்பில் விண்ணப்பித்து, பணத்தை வாங்கி, கணக்கு ஒப்படைக்கலாம். இதற்கு அவர்கள் ஒரு சிறு சதவீதம் எடுத்துக்கொள்வது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் யார் எதை முடிவு செய்வது, பணம் வந்து எத்தனை நாளில் உங்களுக்கு மாற்றுவது, கணக்கில் குறை வந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்ட இடத்தில்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் விழாவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு நாள் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

விழாத் தேதிக்கு ஓராண்டு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் காலம் முடிந்து முடிவு வர மூன்று நான்கு மாதங்கள் ஆகலாம். அனுமதிக் கடிதத்துக்கு முன் செய்த செலவைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை. அதாவது, கடிதம் வரும் முன்பே மேடைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது உங்கள் கைக்காசுதான்.

பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

விண்ணப்பத்தைப் படிப்பவர்களில் பலர் முதலில் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான். முன்னுரையில் என்ன எழுதினாலும், ஒரு விழா எதை மதிக்கிறது என்பது செலவுக் கணக்கில் தெரிந்துவிடும். "உள்ளூர்க் கலைஞர்களை உயர்த்துவதே நோக்கம்" என்று எழுதிவிட்டு, கலைஞர் ஊதியத்துக்குப் பத்து சதவீதமும் ஒலி-ஒளிக்கு ஐம்பது சதவீதமும் ஒதுக்கியிருந்தால் யார் நம்புவார்கள்?

ஒரு மாதிரி சொல்கிறேன். மொத்தச் செலவு நூறு பங்கு. கலைஞர்களின் ஊதியம், பயணம், தங்குமிடம், ஒத்திகை எல்லாம் சேர்த்து 45. மேடை, பந்தல், ஒலி, ஒளி, ஜெனரேட்டர் 20. ஒருங்கிணைப்பாளர், மேடை நிர்வாகி போன்றோரின் சம்பளம் 12. அனுமதிக் கட்டணம், காப்பீடு, பாதுகாப்பு, முதலுதவி, கழிப்பறை 8. சைகைமொழி பெயர்ப்பாளர், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போன்ற அணுகல் வசதிகள் 4. விளம்பரம் 5. எதிர்பாராச் செலவு 6. இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாடக விழாவுக்கும் சுவரோவிய விழாவுக்கும் கணக்கு வேறுபடும். கலைஞருக்கான தொகை கணக்கில் முதலில் நிற்கட்டும், பெரிதாக நிற்கட்டும் என்பதுதான் நான் வற்புறுத்துவது.

பட்ஜெட்டில் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு பெருக்கல் தெரிய வேண்டும். "கலைஞர் ஊதியம்: மொத்தம் இவ்வளவு" என்பது போதாது. எத்தனை குழு, குழுவுக்கு எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு, ஒத்திகை எத்தனை நாள் என்று விரித்துக் காட்டுங்கள். பெரிய செலவுகளுக்கு இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்கி இணையுங்கள். ஆயிரம், பத்தாயிரம் என்று உருண்டைத் தொகைகளாகவே போட்ட பட்ஜெட், யாரிடமும் விலை விசாரிக்காமல் போட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அலுவலகச் செலவை மறைக்காதீர்கள். வாடகை, தொலைபேசி, கணக்காளர் கட்டணம் இல்லாமல் எந்த விழாவும் நடப்பதில்லை. இதற்கென ஒரு சதவீதத்தைப் பல திட்டங்கள் அனுமதிக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி மானியங்களில், அரசோடு தனியாக விகிதம் பேசி வைக்காத அமைப்புகள் இத்தகைய அலுவலகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு நேரடிச் செலவில் 10 சதவீதமாக இருந்தது. 2024 அக்டோபர் முதல் 15 ஆக உயர்ந்தது. உங்கள் திட்டத்தில் எவ்வளவு என்று கேட்டு, அந்த அளவை முழுதாக எழுதுங்கள்.

"பங்குத் தொகை" காட்ட வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் பணமே இல்லையே?

பல திட்டங்கள் மொத்தச் செலவையும் தருவதில்லை. ஒரு பகுதியை நீங்கள் வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். சில இடங்களில் பத்து சதவீதம் போதும். அமெரிக்கத் தேசிய நிதியத்தில் பொதுவாக மானியத்துக்குச் சரிக்குச் சரி. பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பொருளாகவும் உழைப்பாகவும் காட்டப் பெரும்பாலும் அனுமதி உண்டு. இலவசமாகக் கிடைத்த மைதானம், இரவல் வாங்கிய நாற்காலிகள், தன்னார்வலர்களின் நேரம் எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு.

இதில் எங்கே சறுக்குகிறார்கள் என்றால், அந்த மதிப்பை வரவுப் பக்கத்தில் மட்டும் எழுதிவிடுகிறார்கள். மைதான வாடகை சும்மா கிடைத்தது என்று வரவில் போட்டால், மைதான வாடகை என்று செலவிலும் அதே தொகை வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. மதிப்பும் நியாயமாக இருக்கட்டும்: அதே மைதானத்தை வேறொருவர் வாடகைக்கு எடுத்தால் என்ன கொடுப்பாரோ, அதுதான் அதன் மதிப்பு.

தன்னார்வலர் நேரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், செய்த வேலை, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று ஐந்து கட்டம். விழா முடிந்து இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதிய பட்டியலைத் தணிக்கையாளர் ஏற்க மாட்டார். நுழைவாயில் மேசையில் பேனாவோடு கிடக்கும் நோட்டை ஏற்பார்.

எங்கள் கலைஞர்கள் எல்லாம் நம்மவர்கள். காசு வாங்காமலே வருவார்கள். எதற்கு ஊதியம் போட வேண்டும்?

வருவார்கள் என்பது உண்மைதான். அன்பினால் வருவார்கள், மறுக்கச் சங்கடப்பட்டு வருவார்கள், மேடை கிடைக்கிறதே என்று வருவார்கள். அதே விழாவில் ஜெனரேட்டர் கொண்டுவருபவருக்கு முழுத் தொகை, பந்தல் போடுபவருக்கு முழுத் தொகை, பேனர் அச்சடிப்பவருக்கு முழுத் தொகை. எல்லோரும் யாரைப் பார்க்கக் கூடுகிறார்களோ அவருக்கு மட்டும் ஒரு துண்டும் கைத்தட்டலும். பொதுப்பணத்தில் நடக்கும் விழாவில் இது நியாயமே இல்லை.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையிலும் இது விழாவைப் பலவீனமாக்குகிறது. ஊதியம் இல்லை என்றால் அன்றைய கூலியை விட்டுவிட்டு வரக்கூடிய வசதி உள்ளவர்கள் மட்டுமே ஆடுவார்கள். தினக்கூலியில் பிழைக்கும் கலைஞர் இரண்டு வருடம் வருவார், மூன்றாம் வருடம் வர மாட்டார். அப்புறம் "பங்கேற்பு குறைகிறது" என்று அறிக்கையில் எழுத வேண்டிவரும்.

எவ்வளவு கொடுப்பது? பல நாடுகளில் கலைஞர் சங்கங்களும் கலை மன்றங்களும் குறைந்தபட்ச ஊதிய அட்டவணை வெளியிடுகின்றன. இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் நிகழ்ச்சி நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். நாற்பது நிமிட நடனத்துக்குப் பின்னால் ஒப்பனை, பயணம், ஒலிச் சோதனைக்கான காத்திருப்பு, பல நாள் ஒத்திகை இருக்கிறது. ஒருவருக்கு அன்றைய நாள் முழுவதும் போகிறது என்றால் ஒரு நாள் ஊதியம் என்று கணக்கிடுவதே முறை. தொகையை எழுத்தில் கொடுங்கள். எப்போது, எந்த வழியில் கிடைக்கும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். பணம் வேண்டாம் என்று ஒரு கலைஞர் மனமார மறுத்தால், முதலில் கொடுத்துவிடுங்கள். திருப்பி நன்கொடையாகத் தருவது அவர் விருப்பம்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

பெரிய சொற்களைக் குறையுங்கள். இப்படி ஒரு வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள்: "சமூக நல்லிணக்கத்தையும் பண்பாட்டு விழுமியங்களையும் அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் உயரிய நோக்கில் இவ்விழா நடத்தப்படுகிறது." இதைப் படிப்பவருக்கு விழாவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அதையே இப்படி எழுதலாம்: "எங்கள் பகுதியில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களும் பழைய குடும்பங்களும் ஒரே பூங்காவைப் பயன்படுத்துகின்றன, ஆனால் கலந்து பழகுவதில்லை. இரு தரப்பிலிருந்தும் இருபது பெண்கள் ஆறு வாரம் சேர்ந்து ஒரு நாடகம் தயாரிப்பார்கள். அது விழாவின் இரண்டாம் நாள் மாலை அந்தப் பூங்காவிலேயே அரங்கேறும்." யார், எத்தனை பேர், எங்கே, எவ்வளவு காலம் என்று எல்லாம் வந்துவிட்டது. நல்லிணக்கம் என்ற சொல் வரவே இல்லை. அதைப் படிப்பவரே புரிந்துகொள்வார்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று வழிகாட்டி நூலில் பெரும்பாலும் இருக்கும். சமூகப் பங்கேற்புக்கு முப்பது மதிப்பெண் என்றால், அதற்கு நாலு வரி எழுதிவிட்டு அமைப்பின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதுவதில் பலன் இல்லை. அப்புறம், அந்தத் திட்டத்தின் பொறுப்பு அலுவலருக்குப் போன் செய்து பேசுங்கள். சிபாரிசு கேட்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். விளக்கம் சொல்வது அவர் வேலை. உங்கள் விழா அந்தத் திட்டத்துக்குப் பொருந்தாது என்று அவர் சொன்னால், ஒரு மாத உழைப்பு மிச்சம்.

முடிவெடுப்பது யார்? அரசியல் தலையீடு இருக்காதா?

நல்ல அமைப்புகளில் கலைஞர்களும் விழா நடத்துபவர்களும் அடங்கிய குழு விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுகிறது. விண்ணப்பதாரரோடு உறவோ தொழில் தொடர்போ உள்ள உறுப்பினர் அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி.

தலையீடு எங்கும் இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் சில கலைப் படைப்புகள் பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பின், மானியம் கொடுக்கும்போது "கண்ணியத்தின் பொதுவான அளவுகோல்களை" கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1990-இல் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். மானியம் மறுக்கப்பட்ட நான்கு கலைஞர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிபதிகள் அந்த வரி செல்லும் என்றார்கள். அரசுப் பணம் வாங்கும்போது இந்த இழுபறி கூடவே வரும். ஒப்பந்தத்தில் நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றோ, தலைவர்களின் படம் போட வேண்டும் என்றோ நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். உங்கள் கலைஞர்கள் எதைச் சொல்ல விரும்புகிறார்களோ அதை மேடையில் சொல்ல முடியாது என்றால் அந்தப் பணம் வேண்டாம்.

அனுமதி கிடைத்துவிட்டது. பணம் எப்போது கைக்கு வரும்?

தவணையாக வரும். ஒரு பகுதி முன்னால், மீதி இறுதி அறிக்கை ஒப்புக்கொள்ளப்பட்ட பின் என்பது பரவலான முறை. எல்லாச் செலவையும் நீங்கள் செய்துவிட்டு ரசீது காட்டித் திரும்பப் பெறும் திட்டங்களும் உண்டு. கையிருப்பு இல்லாத சிறு குழுக்களுக்கு அவை ஆபத்தானவை.

எழுபது பங்கு முன்னால், முப்பது பங்கு பின்னால் என்று வைத்துக்கொள்வோம். விழா முடிந்த இரவே ஒலி அமைப்பாளர் கணக்கு முடிக்கச் சொல்வார். அந்த முப்பது வர நான்கு மாதம் ஆகலாம். இந்த இடைவெளியில் பல குழுக்கள் செய்வது, சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, சத்தம் போடாத கலைஞரைக் காத்திருக்க வைப்பது. அதைத் தலைகீழாக்குங்கள். முதல் தவணை வந்த அன்றே கலைஞர்களுக்கான தொகையைத் தனியாக எடுத்துவைத்து, அதைத் தொடுவதில்லை என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். ஒலி, மேடை, அச்சகம் ஆகியோரிடம் தவணை விவரத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி, பாதி இப்போது, பாதி இந்தத் தேதிக்குள் என்று பேசி எழுதி வாங்குங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். விழா முடிந்த இரவில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மழையில் விழா நின்றுபோனால்?

உடனே பொறுப்பு அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தேதி மாற்றத்துக்கும் உள்ளரங்குக்கு மாற்றுவதற்கும் பொதுவாக இடம் கொடுப்பார்கள், சொல்லாமல் செய்தால்தான் சிக்கல். விழா நின்றால் கலைஞருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வந்து ஒப்பனை போட்டு உட்கார்ந்த பின் மழை பெய்தால் முழு ஊதியம் என்பதே சரி.

டிக்கெட் வைக்கலாமா?

திட்டம் அனுமதித்தால் வைக்கலாம். அந்த வருமானத்தைப் பட்ஜெட்டில் காட்ட வேண்டும்.

இறுதி அறிக்கையில் என்ன கேட்பார்கள்?

இரண்டு கேட்பார்கள்: பணம் எங்கே போனது, யாருக்குப் பயன்பட்டது. முதலாவதற்கு பில், ரசீது, வவுச்சர், வங்கி அறிக்கை, சில இடங்களில் தணிக்கையாளரின் பயன்பாட்டுச் சான்றிதழ். விழா நாளில் ஒரே ஒருவர் கையில் ஒரு கோப்பு இருக்கட்டும். எந்தச் செலவானாலும் சீட்டு அவரிடம் வந்த பிறகே பணம். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பெரிய தொகையை மாற்ற வேண்டியிருந்தால் முன் அனுமதி வாங்குங்கள்.

இரண்டாவது கேள்விக்குக் கூட்டத்தை எண்ணத் தெரிய வேண்டும். நுழைவுச் சீட்டு இல்லாத விழாவில் "ஆயிரக்கணக்கானோர்" என்று எழுதுவது எதற்கும் உதவாது. 1960-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டக் கூட்டங்களை மாடியிலிருந்து பார்த்து ஓர் எளிய முறை கண்டார். இடத்தின் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கைவீசி நிற்கும் தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு சுமார் 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் சுமார் 4.5 சதுர அடி. 100 அடிக்கு 60 அடி உள்ள திடல் தளர்வாக நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 600 பேர். மணிக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைத்தால் எண்ணிக்கைக்கு ஆதாரமும் ஆயிற்று. ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக் கணக்கையும் கூட்டிவிடாதீர்கள், மூன்று மணி நேரம் நின்றவர் மூன்று பேராகிவிடுவார்.

எண்ணோடு சேர்த்து இரண்டு மூன்று பேரின் சொந்த வார்த்தைகளையும், அனுமதி பெற்று, இணையுங்கள். சரியாக நடக்காததையும் எழுதுங்கள். ஒலி சரியில்லை, பின்வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை என்றால், அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள். எல்லாம் சிறப்பாக நடந்தது என்று மட்டும் சொல்லும் அறிக்கையில் நம்பிக்கை வராது.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இனி?

காரணம் கேட்டு எழுதுங்கள். மதிப்பெண்ணையும் கருத்தையும் கொடுக்கும் அமைப்புகள் பல உண்டு. நல்ல விண்ணப்பங்களும் பணம் போதாமல் தள்ளிப்போகின்றன. பணம் இல்லை என்பதற்காக விழாவை நிறுத்த வேண்டியதில்லை, சிறிதாக்கலாம். 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் சர்வதேச விழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே இடம் பிடித்து ஓரமாக நடித்தன. அந்த ஓர விழாதான் இன்று உலகின் மிகப் பெரிய கலை விழா என்று பேசப்படுகிறது. ஆனால் சிறிதாக்கும்போது மேடைகளைக் குறையுங்கள், நாள்களைக் குறையுங்கள், குழுக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வருபவரின் ஊதியத்தைக் குறைக்காதீர்கள்.

ஆண்டுதோறும் இதே மானியத்தை நம்பி விழா நடத்தலாமா?

கூடாது. ஆட்சி மாறும், முன்னுரிமை மாறும், திட்டம் மூடப்படும். மொத்த வரவில் ஒரே இடத்திலிருந்து பாதிக்கு மேல் வராமல் பார்த்துக்கொண்டால் ஒரு கதவு மூடினாலும் விழா நிற்காது. சில ஆண்டுகள் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்த பின், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தரும் நிதி இருக்கிறதா என்று பாருங்கள். கலைஞர்களை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்ய அது பெரிய உதவி.

விண்ணப்பம் எழுத வெளியாள் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். செய்யும் வேலைக்கு நிலையான கட்டணம் பேசுங்கள். கிடைக்கும் மானியத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள், தொழில்முறை நெறிகள் அதை ஏற்பதில்லை. அவர் எழுதியதை, குறிப்பாகப் பட்ஜெட்டை, குழுவினர் எல்லோரும் உட்கார்ந்து சத்தமாக வாசித்த பிறகு அனுப்புங்கள். அலுவலர் நேரில் பார்க்க வரும் அன்று பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.